மண்ணில்லாத் தோட்டம்: செடி வாடினால் முதலில் எங்கே பார்ப்பது?



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இப்போது பல வீடுகளின் வரவேற்பறை மூலையில் ஒரு வெள்ளைக் குழாய் அடுக்கோ, மூடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் தொட்டியோ இருக்கிறது. மண் கிடையாது. தண்ணீரில் உரத்தைக் கரைத்து அதிலேயே கீரை வளர்ப்பது. ஹைட்ரோபோனிக்ஸ் என்று விற்கிறார்கள், நாம் மண்ணில்லாத் தோட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம். மாடி வீட்டுக்காரருடையது, வாசலில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லை என்ற நிலையில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களுக்கு இது நல்ல வழிதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் இரண்டு மாதத்தில் அதைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். ஏன் என்று பார்ப்பதுதான் இந்தப் பாடம்.

ஆவடிப் பக்கம் ஒரு சகோதரியின் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள், தையல் வேலை. சீட்டுப் பணம் 12,000 ரூபாயை எடுத்து ஒரு குழாய் செட் வாங்கியிருந்தார். வீட்டுக்குள்ளேயே கீரை, மாதாமாதம் வருமானம் என்று ஒரு வீடியோவில் பார்த்ததை நம்பி வாங்கியது. ஐந்து வாரம் ஆகியும் கீரை விரல் நீளத்தைத் தாண்டவில்லை. இலையெல்லாம் வெளிறி, தொட்டால் உதிரும் நிலை. நான் போனபோது அந்தச் சகோதரி தொட்டியைக் காட்டவில்லை, கையில் இருந்த மீட்டரைத்தான் முதலில் காட்டினார்.

"பாய், புத்தகத்துல 800 வரணும்னு போட்டிருக்கு. எனக்கு வெறும் தண்ணியிலயே 1100 காட்டுது. அப்புறம் எதுக்கு உரம் ஊத்தணும்?"

அவர் கேட்டதில் தவறே இல்லை. செட்டோடு வந்த கையேட்டில் இதற்குப் பதில் இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீரில்தான் பாதி நோய்

டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று மட்டும்தான் சொல்லும். அது என்ன உப்பு என்று அதற்குத் தெரியாது. அந்த வீட்டு போர் தண்ணீரில் இருந்த 1100-ம் கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு, பைகார்பனேட் இவற்றின் கூட்டு. செடிக்கு முக்கியமாகத் தேவைப்படும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாஷ், இரும்பு எதுவும் அதில் போதுமான அளவு இல்லை. மீட்டர் நிறைந்திருக்கிறது, செடி பட்டினி கிடக்கிறது. பானை நிறைய உப்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு சோறு இருக்கிறது என்று சொல்வது போல.

சரி, 1100 மேல் இன்னும் 700 உரம் போட்டால்? 1800 ஆகிவிடும். கீரைக்கு அது அதிகம், இலை ஓரம் கருகும். ஆக அந்தத் தண்ணீரில் உரம் போட்டாலும் தவறு, போடாவிட்டாலும் தவறு. மாற்ற வேண்டியது தண்ணீரைத்தான்.

குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டி.டி.எஸ். 500 வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்று இருக்கிறது. நாம் குடிக்கத் தக்க தண்ணீர் எல்லாம் மண்ணில்லாத் தோட்டத்துக்குத் தக்கது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தொட்டிக்கு ஊற்றும் வெறும் தண்ணீர் 300-க்குக் கீழே இருந்தால் வேலை எளிது. மண்ணில் வளரும் செடிக்கு மண்ணே பாதி உப்பைத் தாங்கிக்கொள்ளும், மழை வந்தால் கழுவிவிடும். தொட்டியில் அந்தத் தயவு கிடையாது.

அவர் வீட்டில் ஆர்.ஓ. இருந்தது, அதில் வரும் தண்ணீர் 50 காட்டியது. ஒரு பங்கு போர் தண்ணீர், மூன்று பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்தோம். கணக்குப்படி 310 போல வர வேண்டும், அதை ஒட்டியே வந்தது. முழுக்க ஆர்.ஓ. வேண்டாமா என்று கேட்கலாம். கொஞ்சம் போர் தண்ணீர் சேர்ந்தால் அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் செடிக்கு உதவும், செலவும் குறையும். ஆர்.ஓ. மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிறது. அந்தக் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்க, கழிவறைக்கு ஊற்றப் பயன்படுத்துங்கள். தோட்டத் தொட்டிக்கு மட்டும் வேண்டாம். உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகையில் மழைநீர் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. தமிழ்நாட்டில் 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மாடிக் குழாயில் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்த மழையை மூடியுள்ள டிரம்மில் பிடித்தால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு சிறு தொட்டிக்குப் போதும். மூடியுள்ள டிரம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

இன்னொரு தண்ணீர்த் தொல்லை, பி.எச். என்கிற புளிப்பு-கார அளவு. கீரை வகைகளுக்கு 5.5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 7.5-ஐத் தாண்டி நிற்கும். அதிலுள்ள பைகார்பனேட் காரணமாக, இன்று இறக்கினால் நாளை மறுநாள் மறுபடி ஏறும். பி.எச். ஏறிவிட்டால் தொட்டியில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. எலுமிச்சைச் சாறும் வினிகரும் ஊற்றிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு இறங்கும். ஆனால் தண்ணீரில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தப் புளிப்பைத் தின்றுவிடுவதால் சில நாளில் பழையபடி ஆகும், தண்ணீர் வழுவழுப்பும் ஆகும். கடையில் பி.எச். டவுன் என்று விற்பது பெரும்பாலும் பாஸ்பாரிக் ஆசிட் கரைசல். 10 லிட்டருக்குச் சொட்டுக் கணக்கில் விட்டு, கலக்கி, கால் மணி நேரம் கழித்து அளந்து, மறுபடி விட வேண்டும். பேட்டரிக் கடையில் ஆசிட் மலிவு என்று அதை வாங்கி ஊற்றியவரையும் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். சாப்பிடும் கீரைக்கு, அதிலும் பழைய பேட்டரியில் இருந்து எடுத்த ஈயம் கலந்த ஆசிட்டை நினைத்தே பார்க்கக் கூடாது.

பேனா மாதிரி பி.எச். மீட்டர் வாங்கியவர்கள் அதோடு வந்த சிறு பொட்டலங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவை மீட்டரைச் சரிபார்க்கும் தூள்கள். ஒரு வீட்டில் மீட்டர் 6.2 காட்டியது, தூள் கரைசலில் வைத்துச் சரிபார்த்தபின் அதே தண்ணீர் 7.4. மாதக்கணக்கில் பொய் சொன்ன மீட்டரை நம்பி உரத்தை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

இரண்டு பாட்டிலை ஒன்றாக்காதீர்கள்

உரம் ஏ, பி என்று இரண்டு பாட்டிலாக வருவது வியாபாரத் தந்திரம் அல்ல. ஒன்றில் கால்சியம் நைட்ரேட், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும் இருக்கும். கெட்டியான நிலையில் இரண்டையும் சேர்த்தால் கால்சியம் அவற்றோடு பிணைந்து சுண்ணாம்பு போல அடியில் படிந்துவிடும். பிறகு அது கரையாது. நான் முதன்முதலில் செய்த தவறு இதுதான். அலமாரியில் இடம் மிச்சமாகட்டும் என்று இரண்டையும் ஒரே பாட்டிலில் ஊற்றி வைத்தேன். ஒரு மாத உரம் வெள்ளைச் சேறாகிவிட்டது. தொட்டித் தண்ணீரில் ஏ-யை விட்டு நன்றாகக் கலக்கிய பிறகு பி-யை விட வேண்டும். அளவுக் கரண்டியைக் கழுவிவிட்டு.

உரக்கடையில் கிடைக்கும் 19:19:19 மலிவு, அதைப் போடலாமா என்ற கேள்வி எல்லா வீட்டிலும் வருகிறது. மண்ணுக்கு நல்லது. தண்ணீர்த் தொட்டிக்குப் போதாது. அதில் கால்சியம் இல்லை. நைட்ரஜனில் ஒரு பகுதி யூரியா வடிவில் இருக்கிறது, அதைச் செடிக்கு ஏற்ற வடிவமாக மாற்றும் நுண்ணுயிர்கள் மண்ணில் நிறைய உண்டு, சுத்தமான தொட்டியில் மிகக் குறைவு.

அளவு: நாற்றுக்கு மீட்டரில் 300, 400 போதும். வளர்ந்த கீரைக்கு 600 முதல் 900. புதினாவுக்கு 1000 வரை போகலாம். தினமும் அளந்து பார்ப்பதை விட, ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனியுங்கள். தண்ணீர் குறைந்து மீட்டர் ஏறினால் செடி தண்ணீரைத்தான் அதிகம் குடித்திருக்கிறது, வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். மீட்டர் இறங்கினால் உரம் குறைந்திருக்கிறது. கோடையில் பெரும்பாலும் ஏறும். அதைப் பார்க்காமல் வாராவாரம் உரம் ஊற்றுகிறவர்கள்தான் செடியைக் கருக்கிவிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள். பழைய தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் முருங்கைக்கும் போகட்டும், சாக்கடைக்கு அல்ல.

தண்ணீர் இருந்தும் வாடுகிறதே!

தொட்டி நிறையத் தண்ணீர், செடி மட்டும் மதியத்தில் துவண்டு தொங்குகிறது. புதிதாகச் செய்கிறவர்கள் உடனே இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். அப்போது செய்ய வேண்டியது, கப்பை மெல்லத் தூக்கி வேரைப் பார்ப்பது. வெள்ளையாக, நூல் போல இருந்தால் வேர் நலம். பழுப்பாகி, வழுவழுப்பாக, இழுத்தால் கையோடு வந்து, கெட்ட வாடை அடித்தால் வேர் அழுகல்.

வேருக்கும் மூச்சு வேண்டும். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டரில் சுமார் 9 மில்லிகிராம், 30 டிகிரியில் ஏழரை. கேட்கச் சிறிய வித்தியாசம். ஆனால் சூட்டில் வேருக்குத் தேவை கூடும், அழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமிக்கும் சூட்டுத் தண்ணீர் கொண்டாட்டம். நம் ஊர் கத்திரி வெயிலில் மாடித் தொட்டித் தண்ணீர் கையில் பட்டாலே சுடுகிறது. அதை மதியம் பிடித்துச் செடிக்கு ஊற்றினால் என்ன ஆகும்? ஃபஜ்ருக்கு எழும்போது பிடித்து வையுங்கள், அப்போதுதான் குளிர்ந்திருக்கும். தொட்டியை மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தரையில் வைத்து ஈரச் சாக்கால் சுற்றலாம். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மதியத்தில் தொட்டிக்குள் மிதக்க விடலாம். இரண்டு பாட்டிலை மாற்றி மாற்றி வைத்தால் ஏப்ரல், மே தாண்டிவிடும்.

அழுகல் ஆரம்பித்திருந்தால் கெட்ட வேரைக் கத்தரியுங்கள், தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவுங்கள், புதுத் தண்ணீரில் பாதி உரத்தோடு தொடங்குங்கள். பாதிக்கு மேல் வேர் போயிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுவதே நல்லது, பக்கத்துச் செடிக்கும் பரவும்.

மின்வெட்டும் இதோடு சேர்ந்ததுதான். படுக்கைக் குழாயில் மெல்லிய நீரோட்டமாக ஓடும் செட்டுகளில் மோட்டார் நின்றால் வேர் காற்றில் தொங்கும். மே மாத மதியத்தில் ஓரிரு மணி நேர வெட்டு போதும், இலை துவண்டுவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டுக்கு அந்த வகை செட் ஏற்றதல்ல என்பது என் கருத்து. மீன் தொட்டிக்குப் போடும் காற்று மோட்டார் வைத்திருப்பவர்கள் அதைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி மோட்டாருக்குள் வந்துவிடும்.

மோட்டாரே இல்லாத முறை ஒன்று உண்டு. ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்ற விஞ்ஞானி பரப்பியது. மூடிய வாளியில் உரத் தண்ணீர், மூடியில் செடி. செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும், இடையில் வரும் காற்று வெளியில் மேல் வேர்கள் மூச்சு விடும், நுனி வேர்கள் தண்ணீரில் இருக்கும். இதில் நம்மவர்கள் செய்யும் தவறு, மட்டம் இறங்கியதே என்று பதறி விளிம்பு வரை நிரப்புவது. காற்றுக்குப் பழகிய வேர் மூழ்கி இறந்துவிடும். ஊற்ற வேண்டுமானால் பாதி வரை ஊற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

இந்த எளிய வழி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1940-களில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் வங்கத்தின் காலிம்பாங்கில் மண்ணில்லா வளர்ப்பைச் சோதித்து, வங்க முறை என்ற பெயரிலேயே 1951-ல் புத்தகம் எழுதினார். சாதாரண வீட்டுக்காரர்கள் மோட்டாரும் கருவியும் இல்லாமல், சரளையும் உரமும் கொண்டு கையால் செய்யத் தக்கதாக இருக்க வேண்டும் என்பதே அவருடைய எண்ணம். 12,000 ரூபாய் செட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது.

ஒல்லியாக நீண்டு சாய்கிறது

வெளிச்சம் போதவில்லை, வேறொன்றுமில்லை. வீட்டுக்குள் நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்கு இருட்டு. பக்கத்துக் கட்டடம் ஒட்டி நிற்கும் நம் தெருக்களில் ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்ப முடியாது. 20 வாட் எல்.இ.டி. டியூப் ஒன்றைச் செடிக்கு ஒரு சாண் மேலே கட்டி 14 மணி நேரம் எரியவிட்டால் ஓரடி அகலத் தொட்டிக்குப் போதும். உத்தரத்தில் இருக்கும் டியூப் உதவாது, தூரம் கூடக் கூட வெளிச்சம் வேகமாகக் குறையும்.

கரண்ட் பில் பயம் நியாயமானது, கணக்கிட்டுவிடலாம். 20 வாட், 14 மணி நேரம், 60 நாள்: 17 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. 4 வாட் காற்று மோட்டார் இரவு பகலாக ஓடினால் 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்கு மொத்தம் 22, 23 யூனிட். இலவச யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்குச் செலவே இல்லை. ஏற்கெனவே 490 வரை ஓடுகிற வீடு என்றால் யோசியுங்கள், 500-ஐத் தாண்டினால் முழு பில்லின் கணக்கும் மாறிவிடும்.

இலை சொல்லும் சேதி

முதலில் எந்த இலை மஞ்சளானது என்று பாருங்கள். அடியிலுள்ள பழைய இலை முழுதும் வெளிறினால் நைட்ரஜன் குறைவு, ஆவடிச் சகோதரியின் கீரை போல. பழைய இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் மேலே புதுத் தளிரில் வந்தால் இரும்பு. இரும்பு என்றதும் உரக்கடைக்கு ஓடாதீர்கள், பி.எச்.-ஐ அளந்து இறக்குங்கள், பத்தில் எட்டுப் பேருக்கு அதிலேயே சரியாகிறது என்பது என் அனுபவம். ஏற்கெனவே மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, அடுத்து வரும் தளிரைப் பார்த்துத்தான் குணமானதா என்று சொல்ல முடியும். லெட்டூஸில் உள் தளிரின் நுனி மட்டும் கருகினால் கால்சியம் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். பெரும்பாலும் காற்றோட்டம் இல்லாத புழுக்கம்தான் காரணம். மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால் போதும்.

கொத்தமல்லி ஒரு சாண் வளர்வதற்குள் பூத்துவிடுகிறது என்று புலம்புகிறவர்களுக்கு: மே மாதத்தில் அது அப்படித்தான் செய்யும். அதற்கு ஏற்ற காலம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் பொன்னாங்கண்ணி, வள்ளைக்கீரை, புதினா, சப்ஜா விதைக்காக நாம் அறிந்த திருநீற்றுப்பச்சிலை, இவை தாங்கும். பொன்னாங்கண்ணியும் வள்ளையும் இயல்பிலேயே தண்ணீர் ஓரத்துச் செடிகள்.

கொசுவை மறந்துவிடாதீர்கள்

மற்றதெல்லாம் செடி போகும், பணம் போகும். இது உயிர் சம்பந்தப்பட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை, வீட்டுக்குள் தேங்கும் தெளிந்த தண்ணீரைத்தான் தேடும். நம் சூட்டில் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். மூடியில் செடி வைக்காத ஒரு ஓட்டை, தொட்டிக்குக் குழாய் போகும் இடைவெளி, மழைநீர் டிரம்மின் விளிம்பு, இவ்வளவு போதும் அதற்கு. காலியாக உள்ள ஓட்டையை எல்லாம் டேப் ஒட்டி அடையுங்கள். குழாய் நுழையும் இடத்தில் கொசுவலைத் துணியைச் சுற்றிக் கட்டுங்கள். வாரம் ஒருநாள், ஜுமுஆ நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது, மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழு நெளிந்தால் தண்ணீரைத் தொட்டி மண்ணில் கொட்டி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்தும் பல மாதம் கிடக்கும். கொசுப்புழு பார்க்க வரும் மாநகராட்சி, நகராட்சிப் பணியாளர்களிடம் தொட்டியை மறைக்காமல் காட்டுங்கள்.

ஒளி புகும் தொட்டியில் பாசி பிடிக்கும். கறுப்பு பெயின்ட்டும் அதற்கு மேல் வெள்ளையும் வெளிப்புறம் அடித்தால் தீர்ந்தது, கறுப்பு ஒளியைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தடுக்கும். அசுவினி, வெள்ளை ஈ வந்தால் மஞ்சள் ஒட்டட்டை தொங்கவிடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்பு நீர் கலந்து விளக்கை அணைத்தபின் இலையின் அடியில் தெளியுங்கள். உரத் தண்ணீரில் சிந்த வேண்டாம். பறிக்கும் முன் சில நாள் இடைவெளி விடுங்கள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில்

உரத் தூள் பார்க்கச் சர்க்கரை போல, கல் உப்பு போல இருக்கும். பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுச் சமையலறை அலமாரியில் வைத்திருந்த வீட்டைப் பார்த்து எனக்குக் கை நடுங்கியது. தனி டப்பா, பெரிய எழுத்தில் பெயர், பூட்டும் அலமாரி. ஆசிட்டைக் கலக்கும்போது தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது, தெறிக்கும். பிளக் போர்டு தொட்டியின் மட்டத்துக்கு மேலே சுவரில் இருக்கட்டும். வயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும், வழியும் தண்ணீர் அங்கே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டு அணைக்கும் சுவிட்ச் வீட்டில் இல்லை என்றால் மோட்டார் வைத்த செட்டை வாங்காதீர்கள். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், ஒவ்வொரு முறையும்.

வருமானம் பற்றி

அந்தச் சகோதரி கேட்ட அடுத்த கேள்வி: "இனிமே விக்கலாமா பாய்?" நான் விற்க முடியாது என்றே சொன்னேன். மனம் கஷ்டப்பட்டாலும் உண்மை அதுதான். பூந்தமல்லிச் சந்தையில் பத்து ரூபாய்க்குக் கட்டுப் புதினா கிடைக்கும்போது, ஆர்.ஓ. தண்ணீரும் உரமும் போட்டு 30 குழியில் வளர்த்ததை என்ன விலைக்குக் கொடுப்பது? லெட்டூஸ் போன்றவற்றுக்கு விலை உண்டு, ஆனால் வாங்கும் உணவகம் வாராவாரம் ஒரே அளவு கேட்கும், 30 குழியால் அது முடியாது. கடன் வாங்கியோ, நகை வைத்தோ இந்த செட்டை யாரும் வாங்க வேண்டாம். வீட்டுச் செலவில் கீரைக் காசு மிச்சமாகும், விஷ மருந்து படாத இலை பிள்ளைகளுக்குக் கிடைக்கும். அதற்கு ஒரு வாளி போதும்.

15 லிட்டர் சமையல் எண்ணெய் வந்த பிளாஸ்டிக் வாளியை பிரியாணிக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். தகர டின் வேண்டாம், உரத்தில் துருப்பிடிக்கும். பெயின்ட் வாளியும் வேண்டாம். மூடியில் நான்கு ஓட்டை, அடியில் துளையிட்ட நான்கு கப், கப்பில் கழுவிய கருங்கல் ஜல்லி. ஜல்லியில் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அது பி.எச்.-ஐ ஏற்றிவிடும். கடையில் வாங்கிய புதினாக் கட்டிலேயே திடமான தண்டுகளை எடுத்து, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரம் பத்து நாளில் வேர் விடும். பிறகு கப்புக்கு மாற்றுங்கள். முதல் அறுவடைக்கு ஏறக்குறைய ஆறு வாரம். ரஜப் பாதியில் தண்டு வைத்தால் இன்ஷா அல்லாஹ் முதல் நோன்புக் கஞ்சிக்கு வீட்டுப் புதினா இருக்கும். நோன்பு இப்போது குளிர்காலத்துக்கு நகர்ந்து வருவதால் காலமும் தோதாக இருக்கிறது.

ஆவடிச் சகோதரியின் குழாய் செட்டில் பாதியைக் கழற்றிவிட்டோம், மோட்டாருக்கு வேலை குறைந்தது. கலந்த தண்ணீர், சரியான உரத்தில் பன்னிரண்டாம் நாள் பச்சைத் தளிர் வந்தது. மூத்த பையன் நோட்டில் தினமும் மீட்டர் எண்ணை எழுதி வைக்கிறான். அம்மாவை விட அவன்தான் இப்போது கெட்டிக்காரன்.

நம் அறக்கட்டளை அலுவலகத்தில் டி.டி.எஸ்., பி.எச். மீட்டர் இரண்டும் இருக்கின்றன. ஞாயிறு காலையில் வருகிறவர்கள் வீட்டுத் தண்ணீர் ஒரு பாட்டிலும், தொட்டித் தண்ணீர் ஒரு பாட்டிலும் தனித்தனியாகப் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். வாடிய செடி இருந்தால் வேரோடு கப்பையும் ஈரத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள், இலையை மட்டும் போனில் படம் பிடித்துக் காட்டினால் ஒன்றும் சொல்ல முடிவதில்லை.